தீர்ப்பு வராத சண்டைகள்: மோட் விளையாட்டும் நேரலையும்

2013 ஜூலை 9. லாஸ் வேகாஸில் வருஷா வருஷம் நடக்கும் ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டி தொடங்க மூன்றே நாள் பாக்கி. அன்றைக்கு அமைப்பாளர்கள் ஓர் அறிவிப்புப் போட்டார்கள். சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ போட்டி திட்டப்படி நடக்கும், ஆனால் அதற்கு நேரலை கிடையாது, நின்டெண்டோ சம்மதிக்கவில்லை. இணையம் கொந்தளித்தது. சில மணி நேரத்தில் நின்டெண்டோ மனம் மாறியது, நேரலை திரும்ப வந்தது. அந்த வார இறுதியில் மெலீயை ஒரே நேரத்தில் லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஈவோ அமைப்பாளர் ஒருவர் பிற்பாடு பேட்டியில் சொன்னது இன்னும் சுவாரசியம்: நின்டெண்டோ முதலில் நிறுத்தச் சொன்னது ஸ்ட்ரீமை மட்டுமல்லவாம், போட்டியையே.

இத்தனைக்கும் அந்த வருஷம் மெலீ உள்ளே வந்ததே ரசிகர்கள் கைக்காசு போட்டதால்தான். கடைசி ஓர் இடம் எந்த விளையாட்டுக்கு என்று தீர்மானிக்க, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு யார் அதிகம் நன்கொடை திரட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். மெலீ கூட்டம் மட்டும் 94,683 டாலர் திரட்டியது. 2001-ல் வந்த விளையாட்டு அது. அது ஓடும் கேம்கியூப் கருவியின் தயாரிப்பையே 2007-ல் நிறுத்திவிட்டார்கள். கம்பெனி கைவிட்டுப்போன ஒரு பொருளை ரசிகர்கள் தூக்கிச் சுமந்தார்கள், கம்பெனி வந்து கையை நீட்டி "நில்" என்றது. இதில் மோட் எதுவும் கிடையாது என்பதைக் கவனியுங்கள். தொடாத, மாற்றாத, கடையில் காசு கொடுத்து வாங்கின விளையாட்டுக்கே இந்தக் கதி.

கொஞ்ச காலமாக மோட்களைப் பற்றிக் குறிப்புகள் சேர்த்து வருகிறேன். ஒரு விளையாட்டின் நிரலை, உருவங்களை, விதிகளை ரசிகர்களே திறந்து மாற்றி அமைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் மோட். சேர்க்கச் சேர்க்க ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வீட்டில் உட்கார்ந்து மோட் ஆடுகிறவன் கதவை எந்தக் கம்பெனியும் தட்டுவதில்லை. மோட் எழுதினவர்களிலேயே பலரைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். நோட்டீஸ் போவது பெரும்பாலும் அதை ஊரறியக் காட்டுகிறவருக்கு: போட்டி நடத்துகிறவர், ஸ்ட்ரீம் சேனல் வைத்திருப்பவர். ஏன் அப்படி, அந்தச் செலவு யார் தலையில் விழுந்தது என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இதன் வேர் நேரலைக்கு ரொம்ப முந்தியது. காசு போட்டு ஆடும் ஆர்கேட் பெட்டிகளின் காலம்.

1981-ல் எம்ஐடியில் படிப்பை விட்ட சில இளைஞர்கள் ஜெனரல் கம்ப்யூட்டர் என்று ஒரு கம்பெனி வைத்து, அடாரியின் மிஸைல் கமாண்ட் பெட்டிக்குள் செருகுகிற ஒரு பலகை விற்றார்கள். செருகினால் பழகிப்போன ஆட்டம் மறுபடி கஷ்டமாகும், மக்கள் மறுபடி காசு போடுவார்கள். அடாரி வழக்குப் போட்டது, பிறகு சமரசமாகி அவர்களையே வேலைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. மற்ற கம்பெனிகளின் விளையாட்டுக்கும் இனி அனுமதி வாங்கித்தான் பலகை விற்போம் என்று பையன்கள் ஒத்துக்கொண்டார்கள். அப்படி அவர்கள் அனுமதி வாங்கப் போய் மிட்வேயிடம் காட்டிய பேக்மேன் மாற்றம்தான் 1982-ல் மிஸ் பேக்மேன் ஆகி வெளிவந்தது. மோட் போட்டவனை வளைத்துப் போட்டால் எவ்வளவு லாபம் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. ஆனால் எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கேலக்ஸியன் விளையாட்டை வேகமாக்கும் பலகை விற்ற ஆர்டிக் என்ற கம்பெனி மிட்வேயிடம் கோர்ட்டில் தோற்றது. 1983-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: வேகத்தைக் கூட்டினாலும் அது மூலப் படைப்பிலிருந்து பிறந்த வழிப் படைப்பு, அதற்கான உரிமை மூலவருக்கே.

வழிப் படைப்பு என்றதும் நமக்கு நன்னூல் ஞாபகம் வரும். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்து, முன்னோர் நூலைத் தழுவித் தன் மாற்றமும் சேர்ப்பதை வழிநூல் என்று கௌரவமாக உட்கார வைத்திருக்கிறது நம் இலக்கணம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் அதே காரியத்துக்கு முதல்நூல்காரரிடம் எழுதி வாங்க வேண்டும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் பார்வையில் இந்தக் கதையின் ஆணிவேர் 1989-ல் வந்த ரெட் பாரன் வழக்கு. யாரும் அதிகம் பேசாத வழக்கு. வர்ஜீனியாவில் ரெட் பாரன் என்ற ஆர்கேட் கடை. ஜப்பானில் டைட்டோ கம்பெனி விற்ற டபுள் டிராகன் பலகைகளைப் பழைய விலைக்கு வாங்கி, அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, பெட்டியில் போட்டுக் காசு வசூலித்தது. திருட்டுப் பிரதி இல்லை, அசல் சரக்கு. காசு கொடுத்து வாங்கிய பொருள், என் இஷ்டம் என்று கடைக்காரர் வாதாடினார். நியாயமாகத்தான் தோன்றுகிறது, இல்லையா? மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. பொருளை வாங்கினால் பொருள் உன்னுடையது. ஆனால் காசு போட்டதும் திரையில் படமும் ஒலியும் வரிசையாக ஓடுகிறதே, பொது இடத்தில் அது ஓடினால் பொதுமக்கள் முன் ஒரு படைப்பை நிகழ்த்திக் காட்டுவதாகும். நிகழ்த்துரிமை தனி, அதை நீ வாங்கவில்லை என்றது. ஆர்கேட் முதலாளிகள் அலறியடித்துக்கொண்டு ஓட, 1990-ல் அமெரிக்கக் காங்கிரஸ் அவர்களுக்கு மட்டும் ஒரு விலக்குக் கொடுத்தது. அதுவும் 1995 வரைக்குந்தான்.

நம்ம ஊரில் இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டாம். 2017-ல் இளையராஜா தரப்பு எஸ்.பி.பி.க்கு அனுப்பிய நோட்டீஸ் எல்லாருக்கும் நினைவிருக்கும். அது மேடைக் கச்சேரிக்கு வந்த நோட்டீஸ். குளியலறையில் பாடுகிறவருக்கு யாரும் நோட்டீஸ் அனுப்புவதில்லை.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது கேம் ஜீனி வழக்கு. பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் உருவாக்கி, அமெரிக்காவில் கலூப் என்ற பொம்மைக் கம்பெனி விற்ற சாதனம் அது. நின்டெண்டோ கேசட்டுக்கும் கருவிக்கும் நடுவே செருகினால் கூடுதல் உயிர், கூடுதல் வேகம், உயரத் தாவல் எல்லாம் கிடைக்கும். 1990-ல் நின்டெண்டோ தடை வாங்கியது, ஒரு வருஷம் சாதனம் கடைக்கு வரவில்லை. 1992-ல் மேல்முறையீட்டிலும் கலூப் ஜெயித்தது. அந்தத் தடைக்காலத்து நஷ்டத்துக்காக நின்டெண்டோ 1.5 கோடி டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. நீதிமன்றம் சொன்ன காரணம் இரண்டு. கேம் ஜீனி எதையும் நிலையாகப் பதிவு செய்வதில்லை, கருவியை அணைத்தால் மாற்றமும் போச்சு. அடுத்து, வீட்டுக்குள் லாப நோக்கமில்லாமல் ஒருவர் தன் பொழுதுபோக்குக்காகச் செய்வதை உரிமையாளர் தடுக்க முடியாது. இந்த இரண்டாவது காரணத்தைத்தான் மோட் ஆர்வலர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதில் இருக்கும் சொற்களைப் பாருங்கள்: வீடு, லாபமின்மை, தன் பொழுதுபோக்கு. விளம்பரம் ஓடும் ஸ்ட்ரீமில் இந்த மூன்றில் எது மிஞ்சும்?

முதல் காரணமும் ஆறே வருஷத்தில் ஆட்டம் கண்டது. டியூக் நியூகெம் 3டி விளையாட்டோடு கட்டங்களை வடிவமைக்கும் கருவியையும் கம்பெனியே தந்திருந்தது. ரசிகர்கள் ஆளாளுக்குக் கட்டம் வரைந்து இலவசமாகப் பகிர்ந்தார்கள். மைக்ரோ ஸ்டார் என்ற கம்பெனி அதில் 300-ஐ அள்ளி ஒரு சிடியில் போட்டு விற்றது. 1998-ல் நீதிமன்றம் அந்தக் கோப்புகளை வழிப் படைப்பு என்றது. டியூக் கதையின் தொடர்ச்சியை எழுதும் உரிமை மூலவருக்கே. ரசிகர்கள் இலவசமாகச் செய்துகொள்ள விட்டதால் அந்த உரிமையை அவர் கைவிட்டதாக ஆகாது. இன்று வரைக்கும் மோட் உலகம் நிற்பது இந்தத் தீர்ப்பின் நிழலில்தான். காசில்லாமல் செய்தால் சும்மா இருப்பார்கள், காசு வந்தால் வருவார்கள்.

ஜப்பானில் நிலைமை இன்னும் கடுமை. டோக்கிமெகி மெமோரியல் விளையாட்டில் ஆட்டக்காரரின் அளவுகளை முன்கூட்டியே உச்சத்தில் வைத்த மெமரி கார்டை விற்றவர்கள் மீது கொனாமி வழக்குப் போட்டது. 2001 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இது படைப்பாளியின் படைப்பைச் சிதைக்காமல் காக்கும் உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. கியோட்டோவில் உட்கார்ந்து முடிவெடுக்கும் கம்பெனி எந்த மனநிலையில் வளர்ந்தது என்று புரிய, கேம் ஜீனித் தோல்வியையும் இந்தத் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி நேரலைக் காலம்.

2008-ல் மெலீயின் அடுத்த பாகமாக ப்ரால் வந்தது. போட்டி ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ஓடும்போது பாத்திரம் திடீரென்று கால் இடறி விழும் ஒரு விதியை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள், அது ஒன்று போதும். 2010-ல் ரசிகர்கள் சிலர் சேர்ந்து ப்ராலை மெலீ மாதிரி மாற்றும் வேலையைத் தொடங்கினார்கள். பெயர் ப்ராஜெக்ட் எம். அசல் ப்ரால் தட்டு இருந்தால்தான் ஓடும், ஒரு பைசா வாங்கவில்லை. மைக்ரோ ஸ்டார் தீர்ப்பைப் படித்துவிட்டு வடிவமைத்ததுபோல் அவ்வளவு ஜாக்கிரதை. 2014-ல் நியூ ஜெர்சியின் ஏபெக்ஸ் போட்டியில் இடம்பெறும் அளவுக்கு வளர்ந்தது. 2015 ஏபெக்ஸுக்கு நின்டெண்டோ ஸ்பான்சராக வந்தது. ப்ராஜெக்ட் எம் பட்டியலில் இல்லை. பிறகு பெரிய ஸ்ட்ரீம் சேனல்களும் ஒதுங்க ஆரம்பித்தன. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி உருவாக்கியவர்களே வேலையை நிறுத்தித் தரவிறக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். நோட்டீஸ் வந்ததா என்று எல்லாரும் கேட்டார்கள். வரவில்லை, நாங்களாகவே நிறுத்துகிறோம் என்றார்கள்.

எனக்கு இது நோட்டீஸைவிட முக்கியமான ஆவணமாகத் தெரிகிறது. யாரும் யாரையும் தடுக்கவில்லை. ஸ்பான்சர் வந்ததும் போட்டி நடத்துகிறவர் மோட்டை நாசூக்காக விட்டார். சேனல்காரர்கள் தங்கள் பிழைப்பை நினைத்து விட்டார்கள். பார்வையாளர் இல்லாமல் போன பிறகு மோட் எழுதினவர்களுக்கும் பிடிமானம் போனது. வரலாற்றில் இப்படி நடப்பவற்றுக்குக் கடுதாசி ஆதாரம் இருக்காது.

சேனல்காரர்களின் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2013-லேயே யூடியூபில் தன் விளையாட்டுக் காட்சிகள் உள்ள வீடியோக்களின் விளம்பர வருமானத்தை நின்டெண்டோ தனக்கே உரிமை கோரத் தொடங்கியிருந்தது. 2015-ல் ஒரு திட்டம் கொண்டுவந்து, பதிவு செய்கிறவருக்கு ஒரு வீடியோவுக்கு 60 சதவீதம், முழுச் சேனலையும் ஒப்படைத்தால் 70 சதவீதம் என்று பங்கு கொடுத்தது. 2017 செப்டம்பரில் அந்தத் திட்டத்தில் இருக்கும் சேனலில் நேரலை செய்யவே கூடாது என்று விதியைத் திருத்தியது. காட்சிப் பதிவு ஓகே, நேரலை கூடாது! 2018 கடைசியில் திட்டத்தையே கைவிட்டு, பொது விதிமுறை ஒன்றை வெளியிட்டது. விதிகள் இப்படி மாறிக்கொண்டே இருக்கும் நிலத்தில் கடை போட்டவர்கள் எதை நம்புவார்கள்?

அடுத்தது ஸ்லிப்பி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டது.

மெலீயில் இணையம் வழியாக ஆடும் வசதி கிடையாது. ஒரு நொடிக்கு 60 சட்டகம் ஓடும் விளையாட்டு. ஒரு சட்டகம் பிந்தினாலும் கை அறியும் என்று சொல்லித்தான் இன்றும் பழைய குண்டு டிவிகளைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். எமுலேட்டரில் இணையத்தில் ஆட முன்பே வழி இருந்தது, ஆனால் எதிராளியின் பொத்தான் தகவல் வந்து சேரும்வரை இரண்டு பக்கமும் காத்திருக்கும், ஆட்டம் சேற்றில் நடப்பதுபோல் இருக்கும். ரோல்பேக் என்ற முறை வேறு மாதிரி. எதிராளி என்ன செய்வார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டிவிடும். ஊகம் தப்பானால் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் போய்த் திருத்திக்கொண்டு நிகழ்காலத்துக்கு வந்துவிடும். ஈவோவை நிறுவியவர்களில் ஒருவரான டோனி கேனன் 2000-களிலேயே மற்ற சண்டை விளையாட்டுகளுக்குச் செய்து காட்டிய முறை இது. ஃபிஸ்ஸி என்ற பெயரில் இயங்கும் நிரலாளர், மெலீயின் மூல நிரல் கையில் இல்லாமலே, 2020 ஜூனில் ஸ்லிப்பி மூலம் அதைச் சாத்தியமாக்கினார். ஊரடங்கில் போட்டிகள் எல்லாம் ரத்தாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. 19 வயது விளையாட்டுக்கு மறுபடி உயிர் வந்தது. அந்த நேரத்தில் நடந்த பல அதிகாரபூர்வ இணைய ஆட்டங்களைவிட ஸ்லிப்பி வழுக்கிக்கொண்டு ஓடியது என்பதை எதிரிகளும் மறுக்கவில்லை.

மிச்சிகனின் தி பிக் ஹவுஸ், மெலீ உலகின் பெரிய போட்டிகளில் ஒன்று. 2020 டிசம்பர் தொடக்கத்தில் அதை இணையத்தில் நடத்தத் திட்டமிட்டார்கள். நவம்பரில் நின்டெண்டோவின் நோட்டீஸ் வந்தது. மொத்தப் போட்டியும் ரத்து. அதிகாரபூர்வ இணைய வசதி உள்ள புதிய அல்டிமேட் விளையாட்டும் அதே போட்டியில் இருந்தது, அதுவும் சேர்ந்தே போனது. சட்ட விரோதமாக நகலெடுத்த விளையாட்டை ஸ்லிப்பியோடு சேர்த்துப் பயன்படுத்த இருந்தார்கள், நிறுத்தச் சொல்லியும் கேட்கவில்லை, வேறு வழியில்லாமல் போயிற்று என்பது நின்டெண்டோ தந்த விளக்கம்.

"நகலெடுத்த" என்ற சொல்லில்தான் சூட்சுமம். ஸ்லிப்பி விளையாட்டைத் தருவதில்லை. உங்கள் தட்டை நீங்களே கணினிக் கோப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும். 1998-ன் அமெரிக்க டிஎம்சிஏ சட்டம், பதிப்புரிமையைக் காக்கப் போட்ட பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்குகிறது, உள்ளே இருப்பது உங்கள் சொந்தப் பொருளாக இருந்தாலும். ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்ளும் இணையப் போட்டியில் ஒவ்வொருவரும் கோப்பை எங்கிருந்து பெற்றார் என்று அமைப்பாளர் சத்தியம் செய்ய முடியுமா? மோட் எழுதினவருக்கு இல்லாத பலவீனம் இது. ஸ்ட்ரீம் நடத்துகிறவர் மற்றவர்களின் தட்டுக்கும் பொறுப்பாகிறார்.

கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். போகலாம். கலூப் போனது, அதற்குப் பொம்மைக் கம்பெனியின் கஜானா இருந்தது. வருஷத்துக்கு ஒரு போட்டி நடத்தி அரங்க வாடகையும் கைச்செலவும் தேற்றுகிற நாலு பேருக்கு அமெரிக்க வக்கீல் ஃபீஸே முழுச் சொத்து.

இதில் என்னை யோசிக்க வைத்தது அதற்கடுத்து நடந்தது, அல்லது நடக்காதது. ஸ்லிப்பியை யாரும் தொடவில்லை. தரவிறக்கம் அப்படியே இருந்தது, சின்னச் சின்ன இணையப் போட்டிகள் ஸ்ட்ரீமோடு தொடர்ந்தன. பேர் பெற்ற ஒரு போட்டி, அறிவிக்கப்பட்ட ஒரு தேதி, எல்லார் கண்ணிலும் படும் ஒரு மேடை; அடி அங்கே மட்டும். டிசம்பரில் நின்டெண்டோவின் சொந்த ஸ்ப்ளட்டூன் 2 வட அமெரிக்கப் போட்டியில் சில அணிகள் மெலீக்கு ஆதரவாகத் தங்கள் பெயரையே மாற்றிக்கொண்டு இறுதிச்சுற்றுவரை வர, கம்பெனி தன் சொந்த நேரலையையே ரத்து செய்தது. தன் மேடையில் தனக்குப் பிடிக்காத பெயரைக் காட்டுவதைவிட இருட்டு பரவாயில்லை என்று நினைத்திருப்பார்கள்.

கம்பெனிகளின் பக்கமும் பேச வேண்டும், இல்லாவிட்டால் இது ரசிகர் துண்டறிக்கை ஆகிவிடும். 2005-ல் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் டெவலப்பர்கள் மறைத்து வைத்திருந்த ஒரு பாலியல் காட்சியை ஹாட் காஃபி என்ற மோட் திறந்துவிட்டது. விளையாட்டின் தர முத்திரை பெரியவர்களுக்கு மட்டும் என்று மாறி, கடைகள் அலமாரியிலிருந்து எடுத்தன. மோட் போட்டவர் யாரோ, விலை கொடுத்தது டேக்-டூ. பின்னாளில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இணையப் போட்டி ஒன்றின் நேரலையில் பாத்திரம் ஆடையில்லாமல் வந்து நின்றது. ஆட்டக்காரர் வீட்டில் போட்டிருந்த மோட், அமைப்பாளரின் சேனலில் ஊர் பார்த்தது. குழந்தைகள் பெயரை வைத்து வியாபாரம் செய்கிற நின்டெண்டோவுக்கு இந்த பயம் இருப்பதில் தப்பில்லை. ஆனால் ஸ்லிப்பியில் ஒரு பாத்திரத்தின் சட்டைப் பொத்தான்கூட மாறவில்லை என்பதும் உண்மை.

வேறு வழியும் இருந்தது என்பதற்கு ஜிடிஏவே சாட்சி. ஃபைவ்எம் என்ற மோட் மூலம் தனி சர்வர் வைத்து, போலீஸ், டாக்சி டிரைவர், ரவுடி என்று வேஷம் கட்டி ஆடும் ரோல்பிளே வளர்ந்தது. 2015-ல் ராக்ஸ்டார் அதை அனுமதியில்லாத சேவை என்று சொல்லி உருவாக்கியவர்களின் கணக்குகளை முடக்கியது. 2017-ல் தாய் நிறுவனமான டேக்-டூ ஓபன்ஐவி என்ற மோட் கருவிக்கு நோட்டீஸ் அனுப்பி, ரசிகர் எதிர்ப்பில் பின்வாங்கியது. இதற்கிடையே ஸ்ட்ரீமர்கள் அந்த ரோல்பிளேயைப் பெரிய நாடகமேடையாக்கிவிட்டார்கள். 2013-ல் வந்த விளையாட்டு புதுப் படம்போல் விற்றது. 2022 நவம்பரில் ராக்ஸ்டார் நிபந்தனைகள் போட்டது: கம்பெனி ஸ்பான்சர் கூடாது, லூட் பாக்ஸ் விற்கக் கூடாது, கிரிப்டோ கூடாது, நிஜ பிராண்டுகளையும் பிறர் பாடல்களையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. 2023 ஆகஸ்டில் ஃபைவ்எம் குழுவையே விலைக்கு வாங்கிவிட்டது. மிஸ் பேக்மேன் கதைதான், நாற்பது வருஷம் கழித்து. தமிழிலும் ஜிடிஏ ரோல்பிளே ஸ்ட்ரீம் செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். சர்வரில் நிஜக் கார் கம்பெனி வண்டி, பின்னணியில் சினிமாப் பாட்டு, ஓரத்தில் ஸ்பான்சர் படம் என்று ஓடும் எந்த ஸ்ட்ரீமும் அந்த நிபந்தனைகளின் தயவில் ஓடுவதுதான்.

நின்டெண்டோ தயவு காட்டவில்லை. பாயிண்ட்க்ரோ என்ற யூடியூபர் 2021-ல், ஸெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டில் பலர் சேர்ந்து ஆடும் மோட் செய்கிறவருக்கு 10,000 டாலர் தருவதாக அறிவித்தார். 2023 ஏப்ரலில் அந்த மோட் பொதுவெளிக்கு வந்தது. அடுத்த பாகம் கடைக்கு வர ஒரு மாதம்தான் இருந்தது. சில நாளில் அவருடைய ஸெல்டா வீடியோக்கள் ஒவ்வொன்றாக முடங்கின. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கை விழுந்தால் சேனலே போய்விடும். வருஷக்கணக்கில் கட்டின வீட்டின் சாவி அடுத்தவர் கையில். இங்கேயும் வழக்கு இல்லை, நீதிபதி இல்லை. ஒரு படிவம் நிரப்பினால் போதும்.

பணம் எவ்வளவு ஆழம் போகும் என்று காட்டியது ஸ்மாஷ் வேர்ல்ட் டூர். 2022 நவம்பர் 29 அன்று, டெக்சஸின் சான் அன்டோனியோவில் நடக்க வேண்டிய இறுதிப் போட்டியைப் பத்து நாள் முன்பு ரத்து செய்தார்கள். உரிமம் இல்லாமல் இனி நடத்தக் கூடாது என்று நின்டெண்டோ சொல்லிவிட்டது, லட்சக்கணக்கான டாலர் நஷ்டம் என்றது அமைப்பு. அந்த ஆண்டுப் போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை என்றது நின்டெண்டோ. ஏற்கனவே உரிமம் வாங்கியிருந்த பாண்டா என்ற போட்டி நிறுவனத்தின் மீது ரசிகர் கோபம் திரும்பி, அதன் தலைவர் பதவி விலகினார். அதன் இறுதிப் போட்டியும் தள்ளிப்போனது. உரிமம் வாங்கியவருக்கும் நஷ்டம், வாங்காதவருக்கும் நஷ்டம்.

2023 அக்டோபரில் நின்டெண்டோ தன் விதிகளை எழுத்தில் கொடுத்தது, நவம்பர் 15 முதல் அமல். உரிமமில்லாத சமூகப் போட்டி என்றால் நேரில் 200 பேர், இணையத்தில் 300 பேர், பரிசு வட அமெரிக்காவில் 5,000 டாலருக்கு மேல் கூடாது, ஸ்பான்சர் கூடாது, மாற்றப்பட்ட விளையாட்டு கூடாது. அரங்கில் சாப்பாடு, குளிர்பானம், பனியன் விற்கவும் தடை. டீயும் வடையும் வித்து அரங்க வாடகையைத் தேற்றலாம் என்று நினைத்தவர் கதை முடிந்தது.

அந்த விதிகள் வந்து மூன்று மாதத்தில், 2024 பிப்ரவரியில், கலிஃபோர்னியாவின் சான் ஹோஸேயில் ஜெனிசிஸ் போட்டி வழக்கம்போல் நடந்தது. மெலீயும் உண்டு, நேரலையும் உண்டு. ஸ்லிப்பியும் இருந்த இடத்திலேயே இருந்தது. இந்தப் பதினோரு வருஷ ஸ்மாஷ் சண்டையில் ஒன்றுகூட நீதிபதி முன் போகவில்லை. ரெட் பாரன் கடைக்காரருக்காவது ஒரு தீர்ப்புக் கிடைத்தது, அதைக் காட்டிக் காங்கிரஸில் போய் முறையிட முடிந்தது. ஸ்மாஷ் போட்டி நடத்துகிறவர்கள் இன்னும் ஒவ்வொரு சீசனுக்கும் அரங்கத்துக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு, மெயில் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.